கடைசியில் கைதட்டு வாங்குபவர்

கச்சேரி நோட்டீஸ் ஒன்றை எடுத்துப் பாருங்கள். மேலே கொட்டை எழுத்தில் பாடுபவரின் பெயர் இருக்கும். அதற்குக் கீழே கொஞ்சம் சின்னதாக வயலின். அதற்கும் கீழே மிருதங்கம். கடமோ கஞ்சிராவோ இருந்தால் அது கடைசி வரி. மேளக் கச்சேரி என்றாலும் நாகசுரக்காரர் பெயர் முதலில், தவில்காரர் பெயர் பிறகு. சினிமாப் பாட்டு ஒன்று ஓடினால் பாடியவர் யார், இசையமைத்தவர் யார் என்று உடனே சொல்லிவிடுவீர்கள். அதில் டிரம்ஸ் வாசித்தவர் யார் என்று கேட்டால் வகுப்பில் ஒரு கைகூட உயராது.

தாளக் கருவி வாசிப்பவருக்கு நாம் கொடுக்கும் இடம் அவர் செய்யும் வேலைக்கு ஏற்ற இடம்தானா? ரசனையை வைத்து வாதாடினால் விடிய விடிய வாதாடலாம், முடிவு வராது. தோல் எப்படி அதிர்கிறது, காது எப்படிக் கேட்கிறது, நேரத்தை எவ்வளவு நுட்பமாக அளக்க வேண்டியிருக்கிறது என்று பார்த்தால் ஒரு முடிவுக்கு வரலாம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நாம் அவர்களைக் குறைத்துத்தான் மதிப்பிடுகிறோம். ஏன் என்பதற்கான காரணங்கள் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவே வசிக்கும் பிள்ளைகளுக்கு வீட்டுப் பக்கத்திலேயே கிடைக்கும்.

முதலில் உலகம் முழுக்கத் தெரிந்த ஒரு டிரம்ஸ்காரர். இங்கிலாந்தில் லிவர்பூல் நகரத்திலிருந்து கிளம்பிய பீட்டில்ஸ் குழுவில் நான்கு பேர்: ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார். 1940-இல் பிறந்த ரிங்கோ, 1962 ஆகஸ்டில் அந்தக் குழுவுக்கு டிரம்ஸ் வாசிக்க வந்தார். ராக் இசைக் கலைஞர்களைக் கௌரவிக்கும் ‘ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம்’ என்ற அமைப்பு அமெரிக்காவில் இருக்கிறது. பீட்டில்ஸ் குழுவை அது 1988-இல் சேர்த்துக்கொண்டது. பிறகு ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கௌரவித்தது. லெனன் 1994, மெக்கார்ட்னி 1999, ஹாரிசன் 2004. ரிங்கோவின் முறை வந்தபோது ஆண்டு 2015! அவரை மட்டம் தட்டி லெனன் சொன்னதாக ஒரு கிண்டல்கூட வெகுகாலமாக உலவுகிறது. லெனன் அப்படிச் சொன்னதற்குச் சான்று ஒன்றும் இல்லை.

ரிங்கோ இடதுகைக்காரர். ஆனால் அவர் முன்னால் இருந்த டிரம்ஸ் வலதுகைக்காரருக்கு ஏற்ற மாதிரி அடுக்கப்பட்டது. ஒரு டிரம்மிலிருந்து அடுத்த டிரம்முக்கு வேகமாக நகரும்போது வலதுகைக்காரருக்கு வலது கை முந்திக்கொண்டு போகும். ரிங்கோவுக்கு இடது கை முந்தும். அதனால் அவருடைய உருட்டல்களில் யாரும் எதிர்பாராத ஒரு சின்னத் தாமதமும் ஒரு தனி நடையும் வந்து சேர்ந்தன. அவர் வாசித்ததை அச்சு அசலாகத் திருப்பி வாசிப்பது கைதேர்ந்த டிரம்ஸ்காரர்களுக்கே எளிதாக இல்லை.

1965 ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க்கின் ஷே விளையாட்டரங்கில் 55,000 பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். கூட்டத்தின் கூச்சலில் மேடையில் இருந்தவர்களுக்கே தங்கள் பாட்டு கேட்கவில்லை. இன்று பாடகர்கள் காதில் மாட்டிக்கொள்ளும் சின்ன ஸ்பீக்கர்கள் அப்போது கிடையாது. இப்படிப்பட்ட மேடைகளில் ரிங்கோ என்ன செய்தார் தெரியுமா? முன்னால் நின்றவர்களின் தலையாட்டலையும் உடம்பின் அசைவையும் பார்த்தே பாட்டு எந்த இடத்தில் போகிறது என்று கண்டுபிடித்து அடித்தார். காது கைவிட்டபோது கண்ணால் தாளம் பிடித்தார். இதைத் திறமை என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது?

இனி நம் ஊருக்கு வருவோம். இதே இடதுகைக் கதை இங்கே இன்னும் கடுமையாக நடந்திருக்கிறது. பழனி சுப்பிரமணிய பிள்ளை 1908-இல் பிறந்தவர். அப்பா பழனி முத்தையா பிள்ளையும் லயத்தில் பெரிய வித்வான். மகன் இடது கையால் மிருதங்கம் வாசித்தார். கர்நாடக இசை மேடையில் உட்காரும் முறை ஒன்று உண்டு. மிருதங்கத்தின் வலந்தலை, அதாவது சுருதி சேர்க்கும் சின்ன முகம், சபையைப் பார்த்து இருக்க வேண்டும். அதற்காகப் பாடகரின் வலப்பக்கம் மிருதங்கம், இடப்பக்கம் வயலின். இடது கையால் வாசிப்பவர் வந்து உட்கார்ந்தால் இந்த அமைப்பே தலைகீழாகிவிடும். வயலின்காரர் இடம் மாறி உட்கார வேண்டும். இதைச் சாக்காக வைத்தே அவரைத் தள்ளி வைத்தவர்கள் இருந்தார்கள். அப்போது அவரை விடாமல் மேடைக்கு அழைத்து ஆதரித்தவர் பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதர். பிறகு பாலக்காடு மணி ஐயர், ராமநாதபுரம் முருகபூபதி, பழனி சுப்பிரமணிய பிள்ளை மூவரையும் மிருதங்கத்தின் மும்மூர்த்திகள் என்றே ரசிகர்கள் கொண்டாடினார்கள்.

விருது எப்போது வந்தது? சென்னை மியூசிக் அகாடமியின் ‘சங்கீத கலாநிதி’ பட்டத்தை மிருதங்கக்காரர் ஒருவர் முதன்முதலில் பெற்றது 1966-இல். பெற்றவர் மணி ஐயர். பாடகர்களும் வயலின் வித்வான்களும் அதற்கு எத்தனையோ ஆண்டுகள் முன்பே அந்த இடத்துக்கு வந்துவிட்டார்கள். பழனி சுப்பிரமணிய பிள்ளை 1962-இலேயே காலமாகிவிட்டார்.

சரி, இவர்கள் அப்படி என்ன செய்கிறார்கள்? இங்கேதான் அறிவியல் ஆரம்பிக்கிறது.

வீணைக் கம்பியை மீட்டினால் அது ஒரே ஒரு விதமாக அதிர்வதில்லை. முழுக் கம்பியும் ஒன்றாக ஆடும். அதே நேரத்தில் பாதி பாதியாகவும், மூன்றில் ஒரு பங்காகவும், நான்கில் ஒரு பங்காகவும் ஆடும். முழுக் கம்பி வினாடிக்கு 100 முறை அதிர்ந்தால், மற்ற அதிர்வுகள் 200, 300, 400 என்று முழு மடங்குகளாக வரும். இப்படி முழு மடங்குகளாக வரும் அதிர்வுகளை நம் காது தனித்தனியாகக் கேட்பதில்லை. எல்லாவற்றையும் சேர்த்து ‘ஒரு ஸ்வரம்’ என்று எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் கம்பி பாடுகிறது.

வட்டமாக இழுத்துக் கட்டிய தோல் இந்த ஒழுங்குக்குக் கட்டுப்படாது. தோலின் முதல் அதிர்வு 100 என்றால் அடுத்தவை ஏறத்தாழ 159, 214, 230, 265, 292 என்று போகும். எதுவுமே முழு மடங்கு இல்லை. காது இதில் ஒரு ஸ்வரத்தைத் தேடிப் பார்த்துத் தோற்றுப் போகிறது. கேட்பது வெறும் ‘தொம்’ அல்லது ‘டம்’. உலகத்தில் உள்ள பெரும்பாலான பறைகளும் முரசுகளும் டிரம்களும் இப்படித்தான். அதில் குறை ஒன்றும் இல்லை. தூரத்தில் இருப்பவரை எழுப்ப, ஊரைக் கூட்ட, ஆட வைக்க அந்தச் சத்தம்தான் வேண்டும்.

மிருதங்கம் மட்டும் எப்படி ‘நம்’ என்று ஸ்வரத்தோடு பேசுகிறது? இந்தக் கேள்வி திருச்சியில் பிறந்த ஒரு இளைஞரைப் பிடித்துக்கொண்டது. அவர் பெயர் சந்திரசேகர வெங்கட ராமன். ஆம், 1930-இல் நோபல் பரிசு வாங்கிய நம் சர் சி.வி. ராமன்தான். ஒளிச்சிதறலுக்காக உலகம் அவரை அறிவதற்கு முன்பே, வயலின், வீணை, தம்பூரா என்று ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். 1920 ஜனவரியில் கல்கத்தாவிலிருந்து சிவகாளி குமார் என்பவரோடு சேர்ந்து, ‘நேச்சர்’ இதழில் நம் தோல் கருவிகளைப் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதினார். அப்போது அவருக்கு 31 வயது. பெங்களூருக்குப் போன பிறகு 1930-களில் இன்னும் விரிவாக எழுதினார். தோலின் மேல் நைசான மணலைத் தூவித் தட்டினார். எங்கே தோல் ஆடுகிறதோ அங்கிருந்து மணல் துள்ளி ஓடும். எங்கே தோல் ஆடாமல் நிற்கிறதோ அந்தக் கோட்டில் போய் ஒதுங்கும். கண்ணுக்குத் தெரியாத அதிர்வு இப்படிக் கோலமாகத் தெரிந்தது.

ரகசியம் வலந்தலையின் நடுவில் உள்ள கறுப்பு வட்டத்தில் இருந்தது. அதற்குச் சோறு என்று பெயர். கரணை என்றும் சொல்வார்கள். அது அழகுக்காக வைத்தது இல்லை. விளங்கிக்கொள்ள எளிமையாக ஒரு கணக்குப் போடுவோம். தோலின் முதல் அதிர்வில் நடுப்பகுதிதான் அதிகமாக மேலும் கீழும் ஆடுகிறது. அந்த இடத்தில் பாரம் வைத்தால் ஆட்டம் மந்தமாகும்; 100 என்பது 80 ஆகிவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது அதிர்வில் தோலின் ஒரு பாதி மேலே போகும்போது மறு பாதி கீழே போகும். நடுவில் ஓடும் கோடு அசையாமல் நிற்கும். அசையாத இடத்தில் பாரம் வைத்தால் என்ன ஆகும்? அதிகம் ஒன்றும் ஆகாது. 159 கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். இப்போது 80-ஐயும் 159-ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஏறக்குறைய இரட்டிப்பு!

உண்மையில் அந்தக் கறுப்பு வட்டம் அகலமானது, நடுவில் தடிமனாகவும் ஓரத்தில் மெல்லியதாகவும் இருக்கும், எல்லா அதிர்வுகளையும் கொஞ்சம் கொஞ்சம் மாற்றும். ஆனாலும் வழி இதுதான். ராமன் கண்டது என்னவென்றால், தோலின் முதல் ஒன்பது அதிர்வு வகைகளும் இந்தப் பாரத்தினால் 1, 2, 3, 4, 5 என்ற ஐந்தே முழு மடங்குகளுக்குள் வந்து அடங்கிவிடுகின்றன. முதல் மடங்கில் ஒன்று, இரண்டாவதில் ஒன்று, மூன்றாவதில் இரண்டு, நான்காவதில் இரண்டு, ஐந்தாவதில் மூன்று. கூட்டிப் பாருங்கள், ஒன்பது வரும். தபேலாவும் இதே குடும்பம்தான். பாடவே முடியாத தோலைப் பாட வைத்த இந்த ஏற்பாட்டைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நம் நாட்டில் கைவினைஞர்கள் காதை மட்டும் வைத்துக் கண்டுபிடித்திருக்கிறார்கள். எந்தக் கருவியாலும் அளக்காமல், எந்தச் சமன்பாடும் எழுதாமல்! நான் இயற்பியலில் படித்த விஷயங்களில் என்னை இதைவிட வியக்க வைத்தவை மிகக் குறைவு.

இனி வாசிப்பவரின் விரலைக் கவனியுங்கள். ‘நம்’ என்ற சொல்லை வாசிக்கும்போது மோதிர விரல் கறுப்பு வட்டத்தின் ஓரத்தில் பட்டும் படாமலும் நிற்கும்; ஆள்காட்டி விரல் தோலின் விளிம்பில், மீட்டு என்ற பகுதியில் அடிக்கும். மோதிர விரல் ஏன் அங்கே? அது படும் இடத்தில் தோல் அசைய முடியாது. அப்படியானால் நடுவில் பெரிதாக ஆட வேண்டிய முதல் அதிர்வு அடங்கிவிடும். அசையாத கோடு அந்த விரல் வழியாகப் போகும் அதிர்வுகள் மட்டும் தப்பித்து ஒலிக்கும். விரலை எடுத்துவிட்டு அடித்தால் வேறு சொல், உள்ளங்கையைப் பதித்து அடித்தால் வேறு சொல். ஒவ்வொரு சொல்லுக்கும் எந்த அதிர்வை விடுவது, எதை அடக்குவது என்பதை விரல் முடிவு செய்கிறது. இடப்பக்கத்துப் பெரிய முகமான தொப்பியில், கச்சேரிக்கு முன் ரவையைப் பிசைந்து அப்புவார்கள்; அந்தப் பாரம் அடிக்குரலைக் கொடுக்கும். கச்சேரி முடிந்ததும் சுரண்டி எடுத்துவிடுவார்கள்.

குளிர்சாதன மண்டபத்தில் காற்று மாறும்போது தோலும் இறுகும், தளரும். சுருதி நழுவும். பாடகர் ஒரு பாட்டு முடித்துத் தண்ணீர் குடிக்கும் இடைவெளியில், மிருதங்கக்காரர் சின்னக் கல்லால் விளிம்பைத் தட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வார் ஓடும் 16 கண்களைச் சுற்றிலும் தோலின் இழுவை ஒரே அளவாக இருந்தால்தான் அந்த ஐந்து மடங்குகளும் ஒன்றுசேரும். தட்டித் தட்டி அவர் அதைத்தான் சரிசெய்கிறார்.

இப்போது ஒரகடம் பக்கம் வருவோம். உங்கள் அப்பாவோ அம்மாவோ சித்தப்பாவோ கார் ஆலையில் வேலை பார்த்தால் இதைக் கேட்டுப் பாருங்கள். இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய் ஆலையிலிருந்து முதல் கார் வெளிவந்தது. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ-நிசான் ஆலை வந்தது. அன்றிலிருந்து இந்தப் பக்கம் எத்தனை லட்சம் கார்கள்! காரின் கதவும் தரையும் கூரையும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமன் உள்ள இரும்புத் தகடுகள். விளிம்பில் இறுக்கிப் பிடித்த தகடும் அதிரத்தான் செய்யும். வெறும் தகட்டைத் தட்டினால் ‘டங்ங்’ என்று நீளமாக ஒலிக்கும். அப்படியே விட்டால் ஓடும் காருக்குள் பேசவே முடியாது. அதனால் தார் கலந்த கனமான தாள்களைத் தகட்டின் மேல் வைப்பார்கள். பெயின்ட் ஷாப்பின் அடுப்பு வழியாக வண்டி போகும்போது அந்தத் தாள் இளகித் தகட்டோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு தட்டினால் ‘டொக்’ என்று சத்தம் செத்துவிடும்.

காரிலும் மிருதங்கத்திலும் அதிரும் பரப்பின் மேல் கறுப்பாக ஒன்றை ஒட்டுகிறார்கள். ஆனால் வேலை நேர் எதிர். தார்த்தாள் அதிர்வின் ஆற்றலை உறிஞ்சி வெப்பமாக மாற்றி ஒலியை அடக்குகிறது. மிருதங்கத்தின் சோறு ஆற்றலை அதிகம் தின்னாமல், அதிர்வுகளின் வேகத்தை மட்டும் மாற்றி ஒலியை ஒழுங்குபடுத்துகிறது. முதலாவதற்குத் தணிப்பு என்று பெயர். இரண்டாவது பாரம் ஏற்றுவது. ரிங்கோவும் தணிப்பைப் பயன்படுத்தியவர்தான். 1960-களின் பிற்பகுதியில் ஒலிப்பதிவுக் கூடத்தில், பாத்திரம் துடைக்கும் துணியை டிரம்களின் மேல் விரித்துவிட்டு வாசித்தார். இழுபட்டு ஒலிக்கும் சத்தம் போய், கச்சிதமான ஒரு ‘தப்’ கிடைத்தது. அந்தக் காலத்துப் பீட்டில்ஸ் பாட்டுகளின் தனி ஒலியில் அந்தத் துணிக்கும் பங்கு உண்டு.

ஒரகடத்தில் இன்னொரு பாடமும் இருக்கிறது. 2013-லிருந்து அங்கே ராயல் என்ஃபீல்டு ஆலை ஓடுகிறது. ஒரே சிலிண்டர் உள்ள புல்லட் நின்ற இடத்தில் ‘டுப்... டுப்... டுப்’ என்று ஓடுவதைக் கேட்டிருப்பீர்கள். இன்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 1000 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் பெட்ரோல் வெடிக்கும். ஆக நிமிடத்துக்கு 500 வெடிப்பு, வினாடிக்கு எட்டுக்குக் கொஞ்சம் மேல். எட்டையும் காது தனித்தனி அடியாகக் கேட்கிறது. ஆக்சிலேட்டரைத் திருகி 3000 சுற்றுக்குக் கொண்டுபோனால் வினாடிக்கு 25 வெடிப்பு. அடிகள் மறைந்து ‘ர்ர்ர்ம்’ என்று ஒரே ஓசையாகிவிடும். வினாடிக்கு ஏறத்தாழ 20 என்ற இடத்தில்தான் இந்த மாற்றம் நடக்கிறது. மெதுவாக வந்தால் தாளம். வேகமாக வந்தால் சுருதி. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான், காலத்தில் திரும்பத் திரும்ப வரும் அதிர்வு. பாட்டுக்காரருக்குச் சுருதி, தாளக்காரருக்குத் தாளம் என்று நாம் பிரித்து, ஒன்றை மேலே வைத்து மற்றதைக் கீழே வைத்திருக்கிறோம். இயற்கை அப்படிப் பிரிக்கவில்லை.

அப்படியும் தாளக்காரரை ஏன் மறந்துவிடுகிறோம்? பாட்டு முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு நீங்கள் முணுமுணுப்பது மெட்டைத்தான். மிருதங்கத்தின் ஒரு கோர்வையை யாரும் குளியலறையில் முணுமுணுப்பதில்லை. ஆனால் கச்சேரியின்போது உங்கள் கால் தானாகத் தட்டியதே, அதைத் தட்ட வைத்தது யார்? உடம்பை அசைக்காமல் வெறுமனே தாளத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதும் மூளையில் உடல் அசைவுக்கான பகுதிகள் வேலை செய்கின்றன என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தாளம் நம் நினைவில் வார்த்தையாகத் தங்காமல் உடம்புக்குள் போய்விடுகிறது. அது சரியாக இருக்கும்வரை நமக்குத் தெரியாது. பிசகினால்தான் தெரியும். பழகிய காது, வினாடியில் ஐம்பதில் ஒரு பங்கு தள்ளி விழுந்த அடியைக்கூடக் கண்டுபிடித்துவிடும். மூன்று மணி நேரக் கச்சேரியில் ஆயிரக்கணக்கான அடிகளை அந்த அளவுக்குள் வைப்பவருக்கு நாம் கொடுப்பது கடைசி வரி.

கணக்கையும் பாருங்கள். ஆதி தாளத்துக்கு எட்டு எண்ணிக்கை. ஒவ்வொன்றுக்கும் நான்கு மாத்திரை என்றால் ஒரு ஆவர்த்தனத்துக்கு, அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்றுக்கு, 32. இதன் மேல் ஐந்து மாத்திரை உள்ள ‘தகதகிட’வை விடாமல் சொல்லிக்கொண்டே போங்கள், கையில் தாளத்தையும் போடுங்கள். முதல் ஆவர்த்தனம் முடியும்போது இரண்டும் சேராது. எப்போது சேரும்? 5-க்கும் 32-க்கும் மீச்சிறு பொது மடங்கு 160. ஐந்து ஆவர்த்தனம் கழித்து, ‘தகதகிட’வை 32 முறை சொன்ன பிறகு, இரண்டும் ஒன்றாக வந்து விழும். வித்வான்கள் இதைவிடப் பல மடங்கு சிக்கலான கணக்குகளைக் காகிதம் இல்லாமல், மேடையில், அந்த நிமிடத்தில் போடுகிறார்கள். இந்தக் கணக்கு வழக்கில் புலியாக இருந்த பாடகர் ஒருவர் நம் மாவட்டத்துக்காரர், காஞ்சிபுரம் நயினா பிள்ளை. 1889 முதல் 1934 வரை வாழ்ந்தவர். மிருதங்கம், கஞ்சிரா, கடம், முகர்சிங், கொன்னக்கோல் என்று தாளக்காரர்களை வரிசையாக உட்கார வைத்துக்கொண்டு பாடுவார். ‘ஃபுல் பெஞ்ச்’ கச்சேரி என்று அதற்கே பெயர். தாளக்காரர்களைக் கண்டு பயப்படாமல், அவர்களை நடுவில் கொண்டுவந்து மோதிப் பார்த்த பாடகர் அவர்.

இதுவரை வாசிப்பவரைப் பற்றியே பேசினேன். அவருக்கும் பின்னால் ஒருவர் இருக்கிறார், அவர் பெயர் நோட்டீஸில் கடைசி வரியிலும் வராது. பலா மரத்தைக் குடைந்து, மாட்டுத் தோலையும் ஆட்டுத் தோலையும் பதப்படுத்தி, அடுக்கி, எருமைத் தோல் வாரால் இழுத்துக் கட்டி, மிருதங்கத்தைச் செய்பவர். அந்தக் கறுப்புச் சோற்றை வைப்பதும் அவர்தான். கறுப்புக் கல்லின் பொடியையும் அரிசிச் சோற்றையும் குழைத்து, ஒரு மெல்லிய பூச்சு பூசி, வழுவழுப்பான கல்லால் தேய்தேயென்று தேய்த்து, காய்ந்ததும் அடுத்த பூச்சு. இப்படிப் பல அடுக்குகள். தேய்க்கத் தேய்க்க அதில் மயிரிழை விரிசல்கள் விழும். விரிசல் விழுந்தால் கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். அந்த விரிசல்கள்தான் கறுப்பு வட்டத்தைத் தோலோடு வளைய விடுகின்றன. இல்லையென்றால் அது கெட்டியான வில்லையாகி ஒலியைக் கொன்றுவிடும். ராமன் கண்ட அந்த ஐந்து மடங்குகள் ஒவ்வொரு மிருதங்கத்திலும் இவர் கையால்தான் பிறக்கின்றன.

தஞ்சாவூரைச் சேர்ந்த பர்லாந்து, பாலக்காடு மணி ஐயருக்கு மிருதங்கம் செய்து கொடுத்தவர். இந்த வேலையில் தலைமுறை தலைமுறையாக ஈடுபட்டவர்களில் பெரும்பாலோர் தலித் கிறிஸ்தவக் குடும்பத்தினர். தோலைத் தொட்டு வேலை செய்கிறார்கள் என்பதற்காகவே சமூகம் அவர்களைத் தள்ளி வைத்தது. அவர்கள் செய்த கருவியை மட்டும் மேடையில் ஏற்றிப் பட்டுத்துணி போட்டு வைத்தது. இது அநியாயம். பாடகர் டி.எம். கிருஷ்ணா 2020-இல் இவர்களைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதியபோதுதான் இந்தப் பெயர்கள் பலருக்குத் தெரியவந்தன. தாளக்காரர் குறைத்து மதிப்பிடப்பட்டவர் என்றால், கருவி செய்தவர் மதிப்பிடப்படவே இல்லை.

இனி நீங்களே செய்து பார்க்க ஒரு சோதனை. காலியான பால்பவுடர் டின் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். விளிம்பு கூர்மையாக இருந்தால் பெரியவர்களைக் கொண்டு டேப் ஒட்டச் சொல்லுங்கள். பெரிய பலூன் ஒன்றின் கழுத்தை வெட்டிவிட்டு, டின்னின் வாயில் இழுத்துப் போர்த்தி, ரப்பர் பேண்டால் இறுக்குங்கள். விரலால் சுண்டிக் கேளுங்கள். பிறகு மேலே கொஞ்சம் ரவையைத் தூவி, டின்னுக்குப் பக்கத்தில் வாயை வைத்து ‘ஊ...’ என்று தாழ்ந்த குரலில் ஆரம்பித்து மெல்ல உயர்த்திக்கொண்டே போங்கள். குறிப்பிட்ட குரலில் ரவை துள்ளும், வேறு குரலில் சும்மா கிடக்கும். ரவையைத் தட்டிவிட்டு, சப்பாத்தி மாவில் ஒரு சின்ன உருண்டை எடுத்துத் தட்டையாக்கி நடுவில் ஒட்டுங்கள். இப்போது நடுவுக்குப் பக்கத்தில் சுண்டினால் என்ன மாற்றம்? ஓரத்தில் சுண்டினால்? மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பாருங்கள், அகலமாக்கிப் பாருங்கள். கடைசியில் மாவை எடுத்துவிட்டு ஈரத்துணியைப் போட்டுச் சுண்டுங்கள். பாரத்துக்கும் தணிப்புக்கும் உள்ள வித்தியாசம் காதிலேயே தெரியும்.

சித்திரை மாதத் திருவாதிரையை ஒட்டி ஸ்ரீபெரும்புதூர் ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் ராமானுஜர் உற்சவம் நடக்கும், மேளம் வரும். அப்போது தவில்காரரின் பக்கத்தில் போய் நில்லுங்கள். வலது கை விரல்களில் மாட்டியிருக்கும் கூடுகளையும் இடது கைக் குச்சியையும் பாருங்கள். எந்த அடி எங்கே விழும்போது என்ன ஒலி வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வாசிப்பு முடிந்ததும் அவர் பெயரைக் கேளுங்கள். அந்தத் தவிலைச் செய்தவர் யார், எந்த ஊர் என்றும் கேளுங்கள். இரண்டு பெயர்களையும், உங்கள் டின் சோதனையில் கண்டதையும் எழுதி அனுப்புங்கள். எழுதும்போது செய்தவரின் பெயரை முதல் வரியில் எழுதுங்கள்.